ஒரே துணியில் இரண்டு சட்டை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
10.02.2025

அன்பான மாகிரட் அக்கா,

இந்த நடுச்சாமத்தில் இருந்து எழுதுறதுக்கு முதல்ல மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எழுத்துக் கோணலாயிருந்தால் அதுக்கும் சேர்த்து. பகலில் பேனையைத் தொட்டால் சின்னவன் எழும்புறான். அவன் ஒழுங்கா நித்திரை கொள்ளுற நேரம் இதொண்டுதான், அப்பவும் எனக்கு நிம்மதியில்லை. ரெண்டு வரி எழுதுறன், எழும்பிப் போய் அவன்ட மூக்குக்குக் கீழ விரலை வைக்கிறன், மூச்சு வருது, திரும்பி வந்து எழுதுறன். "துறைமுகத்துக்குள்ள எண்ணெய்க் கப்பல் வந்தால்கூட இப்பிடிக் காவலிருக்கமாட்டாங்கள்" எண்டு பக்கத்தில் படுத்திருக்கிற பிரதீபன் பகிடி பண்ணுறார்.

நீங்களும் அத்தானும் எப்பிடியிருக்கிறீங்கள்? முழங்கால் நோ குறைஞ்சுதோ? மெசின் மிதிக்கிறதைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொன்னேனே, கேட்டிருக்கமாட்டீங்கள். அந்த உயிர்த்த ஞாயிறுக் கோயில் குண்டுவெடிப்பில் உங்கட பிள்ளை டிலுக்ஷன் போன பிறகு வீட்டுக்குள்ள ஒரு மணிச்சத்தமும் வேண்டாமெண்டு போனை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினீங்கள். ஆறு வருசமாகப் போகுது. "இந்தக் காலத்திலயும் கடிதமோ?" எண்டு தபால்கந்தோரில் கேக்கினம். என்ட அக்கா கடிதம்தான் வாசிப்பா எண்டு சொல்லிப்போட்டு முத்திரை வாங்கிக்கொண்டு வாறன்.

எனக்குப் பால் வெள்ளமா வருது. சட்டை நனைஞ்சு நனைஞ்சு மாத்த உடுப்பில்லை. பிரதீபனோட வேலை செய்யிற ஒருத்தற்ற மனுசிக்கும் நான் கிடந்த அதே வாட்டிலதான் பிள்ளை பிறந்தது. அவவுக்கு இருதயத்தில் ஏதோ வருத்தம், கண்டிக்குக் கொண்டுபோயிட்டினம். பிள்ளைக்குப் பால்மா ஒத்துக்கொள்ளேல்ல, குடிக்கிறதெல்லாம் வாயால வருது. பக்கத்துக் கட்டிலில் கிடந்து அது அழுத அழுகைக்கு எனக்குப் பால் தானாச் சுரந்து வடிஞ்சது. டொக்டரைக் கேட்டன். என்ட இரத்தத்தைச் சோதிச்சுப் பாத்திட்டுச் சம்மதிச்சார். இப்ப அந்தப் பிள்ளையின்ட அப்பம்மா ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு வாறா. என்ட பிள்ளைக்குக் காணாமல் போயிடுமோ எண்டு பயம் இருந்தது. குடுக்கக் குடுக்கத்தான் ஊறுமெண்டு மருத்துவமாது சொன்னவா. அதுவும் சரியாத்தான் இருக்கு.

சின்னவனுக்கு எங்கட அப்பாவின்ட பெயரையே வைச்சிருக்கிறம், பேணாட். ஞானஸ்நானம் இன்னும் குடுக்கேல்ல. அவனுக்கு ஞானத்தாய் நீங்கள்தான். இதை நான் கேக்கேல்ல அக்கா, சொல்லுறன். எப்ப வரலாமெண்டு மட்டும் எழுதுங்கோ.

உங்கட பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிற
லதுஷா


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
21.02.2025

என்ட லதுவுக்கு,

சுகமாத்தான் இருக்கிறம். முழங்காலைப் பற்றி இனிக் கேக்காதே. அது என்னோட சேர்ந்து கிழவியாகுது. நீ உன்ட உடம்பைப் பார். ரெண்டு பிள்ளைக்குக் குடுக்கிறவள் ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிட வேணும். பால்சுறா வாங்கி வறை செய், உள்ளி நிறையப் போடு. உன்ட மாமி சமைச்சுத் தாறாவோ, இல்லாட்டி நாடகம் முடியுமட்டும் டீவிக்கு முன்னால கதிரையிலயோ?

மூக்கில் விரல் வைச்சுப் பாக்கிறதுக்கு நான் சிரிக்கமாட்டன். நானும் செய்தனான்.

அந்தப் பிள்ளையின்ட கதை ரெண்டு நாளா மனதை விட்டுப் போகேல்ல. தாய் உயிரோட இருந்தும் கிட்ட இல்லாத பிள்ளை. இண்டைக்கு விடிய அலுமாரியின்ட கீழ்த் தட்டைத் திறந்தன். டிலுக்ஷன்ட கைக்குழந்தைச் சட்டைகள். அத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். ஆறையும் பார்சலில் அனுப்புறன். உன்ட பிள்ளைக்குத் தர ஆக்கள் இருக்கினம். இதை அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிடு. என்ன பெயர் வைச்சிருக்கினம்? ஞானஸ்நானம் குடுத்தாச்சோ?

அம்மா எங்களுக்கு ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் ஒரே துணியில் வெட்டித் தைப்பா, நினைவிருக்கோ? எனக்கு வெட்டின மிச்சத்தில் உனக்கு. தெருமுனையில் வரேக்கயே சனம், "பேணாட்டின்ட பெட்டையள் வருகினம்" எண்டு சொல்லும். சட்டைகளை மடிக்கேக்க அதுதான் நினைவு வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாகிரட்


திருகோணமலை.
09.03.2025

அன்பான அக்கா,

சுகம்தானே? இங்க எல்லாரும் சுகம். சின்னவனுக்குக் கொஞ்சம் தடிமன், எனக்கு வழக்கம்போல நித்திரையில்லை.

பார்சல் வந்தது. குசினி மேசையில் வைச்சு அவிழ்த்தன். பூச்சி உருண்டை மணம். நீலச் சட்டையில் நீங்கள் தைச்ச தாராக்குஞ்சு, நூல் முடிஞ்சு ஒரு கண்ணை மட்டும் சிவப்பில் தைச்சது. மாமி கிட்ட வந்து தடவிப் பாத்திட்டுப் போய் டீவியின்ட சத்தத்தைக் குறைச்சா.

நீங்கள் பிள்ளையின்ட பெயரைக் கேட்டிருக்கிறீங்கள். பெயர் அஸாம். தகப்பன் நௌபர், கிண்ணியா. பிரதீபனோட ஒரே இழுவைப்படகில் வேலை. தூக்கிக்கொண்டு வாறது நௌபரின்ட உம்மா. ஒவ்வொரு நாளும் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வந்து போக ஏலாதெண்டு டவுனில் சொந்தக்காரர் வீட்டில், ஜமாலியாவில் தங்கியிருக்கிறா.

முதல் கடிதத்தில் பெயரை எழுதாமல் விட்டது மறதியில்லை. எழுதப் போய்க் கை நிண்டிட்டுது. அவையில் பிழையெண்டு நினைச்சு இல்லை. அண்டைக்குக் கோயிலுக்குள்ள குண்டோட வந்தவங்களும் முஸ்லிம் பெயர்க்காரரெல்லோ. நீங்கள் அந்தப் பெயரை வாசிக்கேக்க உங்கட முகம் எப்பிடிப் போகுமெண்டுதான்.

சட்டை ஒண்டையும் இன்னும் போட்டுவிடேல்ல. ஆருக்கெண்டு தெரியாமல் அனுப்பினீங்கள். தெரிஞ்ச பிறகும் ஓமெண்டால் போடுறன். இல்லையெண்டால் போடமாட்டன். அது உங்கட சாமான், உங்கட பிள்ளையின்ட சாமான்.

பால் மட்டும் என்னுடையது. அதை ஒருத்தரிட்டயும் கேட்டு நிப்பாட்டமாட்டன். உங்களிட்டயும் கேக்கமாட்டன். பசிச்ச பிள்ளை முன்னால கிடந்து கத்த, நான் அங்கால திரும்பியிருந்து ஜெபமாலை உருட்டினால் அது ஆருக்குப் போய்ச் சேரும்? மாமிக்கும் இதைத்தான் சொன்னன். "படிச்ச பெட்டையெண்டு பாத்துக் கட்டி வைச்சால், படிச்ச விசராயெல்லே கிடக்கு" எண்டா.

கோவமெண்டாலும் எழுதுங்கோ.

லதுஷா


திருகோணமலை.
03.04.2025

அன்பான அக்கா,

உங்கட கடிதம் வரேல்ல. தபால் பிந்துதோ நீங்கள் பிந்துறீங்களோ தெரியாது. முழங்காலைப் பற்றிக் கேக்க வேண்டாமெண்டீங்கள், அதால கேக்கேல்ல. அத்தான்ட பிரஷர் எப்பிடி?

நான் செய்த ஒரு விசர் வேலையை எழுதுறன். சின்னவனுக்குப் பால் குடுக்க முதல் பெருவிரலால நெத்தியில் ஒரு சிலுவை போடுறனான். அம்மா எங்களுக்குப் போட்டதுதான். யோசிச்சுச் செய்யிறதில்லை, கை தானாப் போகும். போன கிழமை அஸாமை மடியில் வாங்கினன், கை தானாப் போயிட்டுது. நிமிர்ந்து பாத்தால் உம்மா என்ட விரலைப் பாத்தபடி நிக்கிறா. இதுக்கு முதலும் போட்டிருப்பன் போல. அவவும் காணேல்ல, நானும் காணேல்ல.

அவ பிள்ளை குடிச்சு முடியுமட்டும் இருந்து, தூக்கிக்கொண்டு போயிட்டா. பின்னேரம் வரேல்ல. அடுத்த நாளும் வரேல்ல. பால் கட்டி நெஞ்சு கல்லாயிட்டுது. அதைவிட, அவன் என்னத்தைக் குடிச்சு என்னத்தைச் சத்தியெடுக்கிறானோ எண்ட யோசினை. "ஆண்டவரே பாத்து முடிச்சு வைச்சிட்டார்" எண்டு மாமி சொன்னா. "ஆண்டவர் பிள்ளையளைப் பட்டினி போட்டு ஒண்டையும் முடிச்சு வைக்கிறேல்ல மாமி" எண்டு சொல்லிப்போட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிச்சு ஜமாலியாவுக்குப் போனன்.

உம்மா வாசலுக்கு வந்தா. உள்ள அவன்ட அழுகை கேக்குது.

"உம்மா, நான் உங்கட பிள்ளையை மாத்தப் பாக்கேல்ல. பழக்கத்தில் கை போயிட்டுது."

"தெரியும் மகள். எனக்குக் கோவமில்ல. நாளைக்கு என்ட மகன் கேட்டா என்ன சொல்லுறதெண்டுதான் முழிச்சிட்டு இருக்கன்."

"அப்ப இனி என்ட நெத்தியில போடுறன். பால் என்ட, பிள்ளை உங்கட."

கதவை நல்லாத் திறந்துவிட்டா. பிறகு உள்ள போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தா. "நான் பிஸ்மி சொல்லி மடியில தாறன். நீங்க உங்கட நெத்தியில போடுங்க. அவனுக்குக் குடிக்கிற அவசரம், ரெண்டையும் கவனிக்கமாட்டான்." சொல்லிப்போட்டு அவவே சிரிச்சா. எனக்கு அழுகை வந்திட்டுது.

இவ்வளவு காலமும் நான் போட்ட சிலுவையில் ஒண்டையும் யோசிச்சுப் போட்டதில்லை அக்கா. இப்ப ஒவ்வொரு தரமும் தெரிஞ்சு போடுறன்.

சட்டைகள் இன்னும் பார்சலுக்குள்ளதான் இருக்கு. உங்கட பதில் வராமல் வெளியில எடுக்கமாட்டன்.

லதுஷா


கொட்டாஞ்சேனை.
22.04.2025

லது,

உன்ட ரெண்டு கடிதமும் வந்தது.

சட்டைகளைத் திருப்பி அனுப்பு. ஆறையும்.

அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லயெண்டு எனக்கு எழுத வெளிக்கிடாதே. அது எனக்குத் தெரியும். நௌபர் எண்டவர் செய்யேல்ல, அந்த மனுசி செய்யேல்ல, கிண்ணியாச் சனம் செய்யேல்ல. டிலுக்ஷனும் ஒண்டும் செய்யேல்ல.

நேற்று எங்கட ஒழுங்கையால மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நினைவு ஊர்வலம் போனது. நான் யன்னலைச் சாத்திப்போட்டு மெசின் மிதிச்சன். கோயிலுக்குள்ள கால் வைச்சு ஆறு வருசம். இதை உனக்கு நான் எழுதினதில்லை.

ஞானத்தாய்க்கு வேற ஆளைப் பார்.

மாகிரட்


திருகோணமலை.
18.05.2025

அன்பான அக்கா,

எங்களைச் சுகம் கேக்காமல் நீங்கள் எழுதின முதல் கடிதம் அது. அதால நானே சொல்லுறன். சின்னவன் குப்புறப் பிரளுறான், நான் சாப்பிடுறன்.

சட்டைகளை இதோட அனுப்புறன். தோய்க்கேல்ல. அதில இருக்கிற மணத்தைத் தோய்க்க எனக்கு உரிமையில்லை. தாராவின்ட கழுத்தடியில் பொத்தான் ஒண்டு இளகிக் கிடந்தது, அதையும் அப்பிடியே விட்டிருக்கிறன்.

வேற ஞானத்தாய் பாக்கமாட்டன். வரமாட்டன் எண்டு நீங்கள் சொல்லலாம். வேற ஆளைக் கேளெண்டு எனக்குச் சொல்லேலாது. ஞானஸ்நானம் பிந்துதெண்டு சனம் கதைக்கட்டும். எல்லாத்துக்கும் கதைக்கிற சனம்தானே.

கதைக்கிறதுக்கு இப்ப நல்ல விசயம் கிடைச்சிருக்கு. மே மாதமெல்லோ, மாதா சுரூபம் வீடு வீடாப் போகுது. எங்கட முறை போன வியாழன். நான் மேசை துடைச்சு, வெள்ளை விரிச்சு, பூவெல்லாம் வாங்கி வைச்சிட்டன். கடலையும் அவிச்சாச்சு. எங்கட தெருக் கோயில் குடும்பங்களின்ட அன்பியத் தலைவி ஸ்ரெல்லா அன்ரி மத்தியானம் வந்து படலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, உள்ள வராமல்.

"இந்த முறை உங்கட வீட்டைத் தாண்டிப் போறதெண்டு முடிவெடுத்திருக்கிறம், பிள்ளை. சனம் ஒரு மாதிரிக் கதைக்குது."

"என்ன மாதிரி அன்ரி?"

"ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளையை வீட்டில வைச்சுக்கொண்டு, பாலை வேற சமயத்துக்குக் குடுக்கிறாய் எண்டு."

"பாலுக்கு முதல்ல ஞானஸ்நானம் குடுத்திட்டோ குடுக்கிறது?"

எனக்கு வாய் நிக்கேல்ல அக்கா. அப்ப பின்னாலயிருந்து ஒரு சத்தம். மாமி. டீவியை நிப்பாட்டிப்போட்டு வந்து நிக்கிறா.

"ஸ்ரெல்லா, மாதாவும் மடியில வைச்சு ஒரு பிள்ளைக்குப் பால் குடுத்தவாதானே? அந்தப் பிள்ளை எந்தச் சமயமெண்டு உனக்குத் தெரியுமோ? யூதப் பிள்ளை. போய்ச் சுரூபத்திட்டக் கேட்டுக்கொண்டு வா, எங்கட வீடு வேண்டாமோ எண்டு."

ஸ்ரெல்லா அன்ரி போயிட்டா. நான் மாமியைப் பாக்க, "என்ன பார்வை? நான் உன்னை ஆயிரம் சொல்லுவன். தெருவால போறவள் சொல்லேலாது" எண்டிட்டுத் திரும்பிப் போய் டீவியைப் போட்டா.

பின்னேரம் சுரூபம் எங்கட படலையைத் தாண்டிப் போனது. நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வெளியில் வந்து, படலையடியில் நிண்டு, அவையோட சேர்ந்து மாதா பாட்டை உரத்துப் பாடினன். தெருவில் நிண்டு பாடுறதை ஆர் தடுக்கிறது? என்ட தொண்டை எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும். சில பேர் திரும்பிப் பாத்துச் சிரிச்சினம். அவிச்ச கடலையை அடுத்த நாள் உம்மா வந்து சாப்பிட்டா.

நீங்கள் கோவமாயிருங்கோ. ஆனா இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரிய வேணும்.

லதுஷா


திருகோணமலை.
06.07.2025

அன்பான அக்கா,

சுகமாயிருக்கிறீங்களோ? அத்தானையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கோ. தபால்காரன் தாண்டிப் போகேக்க மாமிகூட எட்டிப் பாக்கிறா.

அஸாமின்ட தாய் கண்டியிலிருந்து வந்திட்டா. ரிஸ்னா எண்டு பெயர். நல்லா மெலிஞ்சிருக்கிறா, குளிசையள் குடிக்கிறபடியால் பால் குடுக்கக் கூடாதெண்டிருக்கினம். போன ஞாயிறு பூசை முடிஞ்சு வர, நௌபர், ரிஸ்னா, உம்மா, பிள்ளை எல்லாரும் இனிப்புத் தொதலும் கொண்டு வந்து கதிரையில் இருக்கினம். உம்மா என்னையும் மாமியையும் கூப்பிட்டு இருத்திப்போட்டு, ஏதோ கந்தோரில் பதியிற மாதிரிச் சொல்லுறா:

"இத நாங்க சொல்லாமப் போகக் கூடாது. எங்கட மார்க்கத்தில, ஒரு தாயிட்டப் பால் குடிச்ச புள்ளைகள் கூடப்பிறந்த சகோதரம். இனி உங்கட பேணாட்டும் எங்கட அஸாமும் அண்ணன் தம்பி. நாளைக்கு உங்களுக்கு ஒரு பொம்பிளப் புள்ள பிறந்தா..."

மாமி பொறுக்கேல்ல. "ஓ! இப்ப கலியாணப் பேச்சும் துவங்கியாச்சோ?"

"அது ஏலாதெண்டு சொல்லத்தானே வந்திருக்கன்" எண்டா உம்மா. "அவள் இவனுக்குத் தங்கச்சி. கட்டக் கூடாது. எங்கட சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிட்டம், உங்கட ஆக்களுக்கும் சொல்லி வையுங்க."

மாமி, "அப்ப பரவாயில்லை" எண்டிட்டுத் தொதலை எடுத்தா. நௌபர் சிரிச்சுச் சிரிச்சு வெளியில் போயிட்டார். ரிஸ்னா சிரிக்கேல்ல. என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, "நான் இல்லாத நேரம் அவன் அழேல்லயாம்" எண்டா. அவ்வளவுதான்.

உங்கட ஆக்களுக்குச் சொல்லி வையுங்க எண்டா. என்ட ஆள் நீங்கள். சொல்லிட்டன்.

பிரசவ லீவு முடிஞ்சு கந்தோருக்குப் போகத் துவங்கிட்டன். விடியவும் பின்னேரமும்தான் இப்ப ரெண்டு பேருக்கும். சோறு தீத்தத் துவங்கினால் அஸாம் மெல்ல மெல்ல மறந்திடுவான். எல்லாருக்கும் அது நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

ஞானஸ்நானத்தை எப்ப வைக்கிறதெண்டு பாதர் கேட்டவர். அக்காவிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டிருக்கிறன்.

லதுஷா


கொட்டாஞ்சேனை.
11.08.2025

லதுவுக்கு,

நாங்கள் சுகம். அத்தான்ட பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கு. நீ சாப்பிடுறாயெண்டு எழுதுறாய், நம்புறன்.

சட்டைகள் வந்து கனநாள். தோய்க்காமல் அனுப்பினது நல்லது. பொத்தானைத் தைச்சிட்டன்.

உன்ட கடிதங்களை அத்தான்தான் சத்தமா வாசிப்பார், நான் மெசினில் இருந்து கேப்பன். உன்ட மாமி ஸ்ரெல்லாவுக்குச் சொன்ன இடத்தில் சிரிச்சிட்டன். அத்தான் பயந்துபோய் வாசிக்கிறதை நிப்பாட்டிட்டார். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுக் கனகாலம்.

சின்னச் சட்டைகளை நான் இனி ஒருத்தருக்கும் அனுப்பமாட்டன். அது டிலுக்ஷன்ட. என்னோட இருக்கும். அதைக் குடுக்க வெளிக்கிட்டது என்ட அவசரம், உன்ட பிழையில்லை.

அந்த உயிர்த்த ஞாயிறுக்கு அவனுக்குத் தைச்ச துணியில் மிச்சம் கிடந்தது. வெள்ளையில் மெல்லிய பச்சைக்கோடு. அவன் போட்டுக்கொண்டு போன சட்டையின்ட மிச்சம். இவ்வளவு காலமும் வெட்டவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. போன கிழமை மேசையில் விரிச்சுப் பாத்தன். ஒரு வயதுப் பிள்ளை அளவுக்கு ரெண்டு சட்டை காணும். இப்ப கொஞ்சம் பெரிசா இருக்கும், கையை மடிச்சு விடலாம். பொத்தான் ஒரே மாதிரிக் கிடைக்கேல்ல, ஒண்டுக்கு வெள்ளை, ஒண்டுக்குப் பச்சை. துணி ஒண்டுதான். சகோதரங்களுக்கு அம்மா அப்பிடித்தானே தைக்கிறவா.

நான் ஒருத்தரையும் மன்னிக்கேல்ல, லது. இதை வடிவா வாசி. ஒவ்வொரு சித்திரைக்கும் டீவிக்காரர் மைக்கைக் கொண்டுவந்து வாயடியில் நீட்டி, மன்னிச்சிட்டீங்களோ அம்மா எண்டு கேக்கினம். மன்னிச்சிட்டன் எண்டு சொன்னால் அவையின்ட நிகழ்ச்சி முடிஞ்சு வீட்ட போகலாம். நான் சொல்லமாட்டன். நான் ரெண்டு சட்டை தைச்சன். அதுக்கு ஒரு பெயரும் வைக்காதே, பாதரிட்டச் சொல்லிப் பிரசங்கத்தில் ஏத்தவும் விடாதே.

ஞானத்தாய் விசயம். கோயில் வாசல் மட்டும் வருவன். அதுக்கங்கால எனக்கு ஏலாது. வாசலில் நிக்கிறவள் ஞானத்தாயாகலாமோ எண்டு கேட்டுப்பார். ஏலாதெண்டால் விடு.

மாகிரட்


திருகோணமலை.
14.09.2025

அன்பான அக்கா,

திரும்பவும் நடுச்சாமம்தான், திரும்பவும் மன்னிப்புத்தான். நீங்களும் அத்தானும் சுகமாயிருப்பீங்கள் எண்டு இந்த முறை நம்பி எழுதுறன். சின்னவன் பல்லு முளைக்கிற கரைச்சலில் இப்பதான் கண் மூடினவன். ரெண்டு தரம் போய் மூக்கில் விரல் வைச்சுப் பாத்திட்டன். இனிப் பாக்கேல்ல.

சட்டைகள் வந்தது. வெள்ளைப் பொத்தான் வைச்சது பேணாட்டுக்கு, பச்சைப் பொத்தான் அஸாமுக்கு. அது என்ன துணியெண்டு உம்மாவுக்குச் சொன்னனான். சொல்லாமல் குடுத்திருக்கலாம். குடுக்கமாட்டன் அக்கா, இந்த முறை ஒண்டையும் சொல்லாமல் விடமாட்டன். அவ மடியில் விரிச்சு வைச்சுத் தையலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பிறகு, "கண்ணால காணாத புள்ளைக்கு உங்கட அக்கா எப்படி இவ்வளவு நேர்த்தியாத் தைச்சா?" எண்டு கேட்டா. "இத மெசினில போடமாட்டன் மகள். நானே கையால கழுவுவன்" எண்டா. அவ அதுக்கு ஒரு பெயரும் வைக்கேல்ல. நானும் பெயர் ஒண்டும் வைக்கேல்ல.

ரெண்டு பேருக்கும் போட்டுப் பாயில் விட்டம். கைமடிப்பு அவிழ்ந்து அவிழ்ந்து விழுது. அஸாம் பேணாட்டின்ட பொத்தானைக் கடிக்கிறான், பேணாட் அவன்ட காதைப் பிடிச்சு இழுக்கிறான். மாமி கதிரையிலயிருந்து, "எடியே, தூரத்தில பாத்தால் ஆர் ஆரெண்டு தெரியேல்லயே" எண்டா. சனம் அப்பிடித்தானே எங்களையும் சொல்லும்.

பாதரிட்டப் போனன். மற்ற விசயம் ஒண்டும் சொல்லேல்ல. "என்ட அக்கா வாசல் மட்டும்தான் வருவா பாதர், அவதான் ஞானத்தாய், வேற ஆளில்லை" எண்டன். சண்டை பிடிக்க ஆயத்தமாத்தான் போனனான். அவர் என்னை இருக்கச் சொன்னார். பிறகு, "ஞானஸ்நானம் எங்க பிள்ளை துவங்கிறது? வாசலிலதானே. வாசலில வைச்சுத்தான் பிள்ளையின்ட பெயரைக் கேக்கிறன். வாசலில வைச்சுத்தான் ஞானத்தாய் நெத்தியில சிலுவை போடுறா. அதுக்குப் பிறகு உள்ள வர அவவுக்கு மனம் வந்தால் வரட்டும். வராட்டி எனக்குத் தண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியில வரத் தெரியும்" எண்டார்.

நாள் வைச்சாச்சு. ஒக்ரோபர் மாதம் முதல் ஞாயிறு, ரெண்டாம் பூசைக்குப் பிறகு. ஸ்ரெல்லா அன்ரி கேள்விப்பட்டு, "வாசலில வைச்சு ஒரு ஞானஸ்நானமோ?" எண்டு தெருவில் கேட்டா. "ஓம் அன்ரி, வாங்கோ, வாசலில இடம் கனக்க இருக்கு" எண்டு சொன்னன்.

இன்னொண்டையும் முதலே எழுதுறன், வந்த பிறகு கண்டு திகைக்க வேண்டாம். நௌபரும் ரிஸ்னாவும் உம்மாவும் அண்டைக்கு வருகினம். அஸாமுக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக் கூட்டிக்கொண்டு வருவினம். அவையும் உள்ள வரமாட்டினம், வாசல் மட்டும்தான். நீங்கள் நிக்கிற அதே வாசலில், உங்களுக்குப் பக்கத்திலதான் நிப்பினம். அவையை வரவேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். உங்களையும் வரவேண்டாமெண்டு சொல்லமாட்டன். ஒருத்தருக்காக மற்றவரை என்னால விடேலாது. நான் செய்தது சரியெண்டுதான் இப்பவும் சொல்லுறன், ஆனா நீங்கள் இல்லாமல் என்ட பிள்ளையின்ட நெத்தியில் ஆர் அந்தச் சிலுவையைப் போடுறது?

வருவீங்களோ மாட்டீங்களோ எண்டு கெதியாப் பதில் போடுங்கோ, அக்கா.

உங்கட தங்கச்சி
லதுஷா